ஸ்பீக்கர் வயரை மறைக்கிறேன் என்று 2,800 வெள்ளியை மறைத்துவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனால் போகிறது" என்று விட்டுவிடுவேன். போன தொகை 2,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கோலாலம்பூரில் ஹோம் தியேட்டர் வயரைச் சுவருக்குள் மறைக்க ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மேலே போங்கள்.

எங்களுடையது செந்தூல் பக்கம் ஒரு வரிசை வீடு. சாயம் அடித்து, தரைக்கு ஓடு பதித்து, எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் தம்பி 5.1 செட் வாங்கி வந்தான்: ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகள், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர். முன்னால் வைக்கும் மூன்று பெட்டிகளால் தொல்லையில்லை. தொலைக்காட்சி அலமாரியே வயரை மறைத்துவிடும். சோபாவுக்குப் பின்னால் வரும் இரண்டும், மூலையில் வைக்க வேண்டிய சப்வூஃபரும்தான் தலைவலி. யூடியூபில் அமெரிக்கர்கள் சுவரில் ஓட்டை போட்டு வயரை அப்படியே உள்ளே இறக்குகிறார்கள். அவர்கள் சுவர் பலகை, நடுவில் வெற்றிடம். நம் வீடுகள் செங்கல். ஒன்று கொத்த வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டர் சீலிங்குக்கு மேலே கொண்டுபோய் இறக்க வேண்டும். இரண்டும் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. அதனால்தான் கடைக்குப் போனோம்.

ஆடியோ பொருள்களை விற்று, வீட்டுக்கே வந்து பொருத்தியும் கொடுக்கும் வகைக் கடை. பேரங்காடிக்குள் கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சாய்வு நாற்காலி எல்லாம் உண்டு. பெயர் வேண்டாம்.

அளவெடுக்க ஒருவர் வந்தார். நம் ஆள்தான், நல்ல தமிழ். சுவரைத் தட்டிப் பார்த்தார், அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். "அக்கா, சாயத்தில் ஒரு கீறல் விழாது. விழுந்தால் நானே அடித்துத் தருகிறேன்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வயர்த் துண்டை எடுத்து, கத்தியால் தோலை உரித்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். சிவப்பாக மின்னியது. "சுத்தச் செம்பு, அம்மா. பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும்." சந்தையில் கீரைக்கட்டுக்குப் பத்துக் காசு பேரம் பேசும் அம்மா, என்னைப் பார்த்து, "கொடுத்துவிடும்மா" என்றார். அன்று மாலையே விலைப்பட்டியல் வாட்ஸ்ஆப்பில் வந்தது: சுத்தச் செம்பு, 14 கேஜ் தடிமன், கூலியோடு 2,800 வெள்ளி. முன்பணம் 1,800, மீதி வேலை முடிந்ததும்.

வேலைக்கு அவர் வரவில்லை. வேறு இருவர் வந்தார்கள், பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள். பூச்சு வேலை மட்டும் அழகு, அதைச் சொல்லத்தான் வேண்டும். பாட்டும் பாடியது. மீதி 1,000 வெள்ளியையும் எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே பின்னால் இடது பெட்டி ஊமையாகிவிட்டது. சப்வூஃபர், படம் ஓடாதபோதும் உறுமிக்கொண்டிருந்தது. கடைக்கு எழுதினேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் "டெக்னீஷியன் விடுப்பில் இருக்கிறார்". பிறகு "முதலாளி வெளியூர்". பிறகு "உங்கள் ஆம்ப்ளிஃபயரில்தான் கோளாறு, அது எங்கள் கடைப் பொருள் இல்லையே". நேரில் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண், "உத்தரவாதம் பொருளுக்குத்தான் அக்கா, கூலி வேலைக்கு இல்லை" என்று ரசீதைத் திருப்பிக் காட்டினார். அன்று அளவெடுக்க வந்தவரோ, அதே கடையில் இன்னொரு குடும்பத்துக்கு வயர்த் துண்டை உரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

தெரிந்த வயர்மேன் ஒருவரை அழைத்துவந்து சுவரைத் திறந்தோம். உள்ளே கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. வயர் போதாமல் இரண்டு துண்டுகளை முறுக்கி, டேப் சுற்றி, மேலே சிமெண்டு பூசியிருக்கிறார்கள். பிரித்தால் ஒரு துண்டு கழன்றே கிடந்தது. முனையை அவர் கத்தியால் சுரண்டினார். சிவப்புக்குக் கீழே வெள்ளை! செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனுள்ள செம்பைவிட மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, வளைத்தால் எளிதில் ஒடியும், விலையோ மிகக் குறைவு.

அவர் முகம் மாறியது அதற்காக அல்ல. புதிதாகக் குழாய் பதிக்கச் சோம்பல்பட்டு, பிளக் பாயிண்டுக்குப் போகும் மின்சாரக் குழாய்க்குள்ளேயே ஸ்பீக்கர் வயரையும் சப்வூஃபர் கேபிளையும் திணித்திருந்தார்கள். உறுமலுக்குக் காரணம் அதுதான். என்றாவது உள்ளே உறை கிழிந்தால் 230 வோல்ட், பெட்டியின் பின்புறத் திருகுவரை வந்து நிற்கும். அந்தப் பெட்டிக்கு அடியில்தான் அக்காள் மகன் உட்கார்ந்து விளையாடுகிறான். 2,800 வெள்ளி கொடுத்து இதை வாங்கியிருக்கிறோம்.

"கூலிக்கு உத்தரவாதம் இல்லை" என்பதெல்லாம் கதை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவையையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்துதான் ஆக வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் படிவம் 1 எழுதிக் கொடுத்தாயிற்று. கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளிவரை கோரலாம்.

ஆலோசனை என்று விரிவாக எழுத இப்போது பொறுமையில்லை. வீட்டுக்குக் கொண்டுவரும் சுருளிலிருந்தே வயரை வெட்டிச் சுரண்டிப் பாருங்கள், பையிலிருந்து எடுக்கும் துண்டை நம்பாதீர்கள். சுவரை மூடுவதற்கு முன் படம் எடுங்கள். மின்சாரக் குழாயைத் தொடும் வேலை என்றால் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன்தானா என்று கேளுங்கள். சுவரைக் கொத்தாமல் முடியுமென்றால் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடிப்பட்டை) ஓரமாகப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சாயம் அடித்துவிடுங்கள், பார்வைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வாட்ஸ்ஆப் செய்திகளை அழிக்காதீர்கள். "சுத்தச் செம்பு" என்று அவர்களே எழுதி அனுப்பியது என்னிடம் இருக்கிறது. அச்சடித்துப் படிவத்தோடு இணைத்திருக்கிறேன், சுரண்டிய வயரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன்.