1853 என்பீல்டு: வெந்நீரும் வேட்டுமாக ஆறு வருடம்

சுடுவது ஒரு மணி நேரம், கழுவுவது இரண்டு மணி நேரம். என்னிடம் இருக்கும் பழைய என்பீல்டு துப்பாக்கியைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். வாங்க ஆசைப்படுகிறவர்கள் புகையையும் சத்தத்தையும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வெந்நீர்ப் பாத்திரம் யார் மனதிலும் வருவதில்லை.

இது 1853 மாடல். வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை இடித்து இறக்கி, குழலின் பின்பக்கம் இருக்கும் நிப்பிள் என்ற ஓட்டையுள்ள சின்னக் குமிழின் மேல் கேப்பு, அதாவது அடித்தால் தீப்பொறி விடும் சின்ன மூடி, வைத்துச் சுடும் ரகம். குழலின் நீளம் 39 அங்குலம், துளை 0.577 அங்குலம். உள்ளே குண்டைச் சுழலவைக்கும் மூன்று வரிப்பள்ளங்கள், அவை 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் வளைந்து போகும். எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 1857இல் சிப்பாய்கள் கடிக்க மறுத்த கொழுப்புத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்காகச் செய்ததுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு தரப்பும் இதைத் தூக்கிக்கொண்டு நின்றன. என்னுடையதன் பூட்டுத் தகட்டில் ஒரு கிரீடம், ‘டவர்’ என்ற சொல், 1862 என்ற வருடம்.

கைக்கு வந்தபோது தலை முதல் கால் வரை துரு. அதைவிட முக்கியமாக, உள்ளே மருந்து இருக்கிறதா என்பது தெரியாது. சுவரில் தொங்கும் பழைய துப்பாக்கிகளில் யாரோ என்றோ கெட்டித்தது அப்படியே கிடப்பது உண்டு. குண்டை இடித்து இறக்கும் கெஜக்கோலை வாய் வழியே அடி வரை விட்டு, வாய் விளிம்பில் விரலால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நுனி நிப்பிளுக்கு நேராக வந்தது. அப்படியானால் காலி. நாலு விரல் முன்னாலேயே நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், அதன்பின் அனுபவசாலி ஒருவர் வராமல் தொடக்கூடாது.

துருவுக்கு எண்ணெய் தடவி இரண்டு வாரம் ஊறவிட்டேன். செம்பு நாணயத்தின் விளிம்பால் சுரண்டினால் துரு மட்டும் பெயர்ந்து வரும், அடியில் இருக்கும் பழைய பழுப்பு நிறம் போகாது. மிச்சத்துக்கு மிக மெல்லிய எஃகுப் பஞ்சு. திருகாணிகளுக்காக ஸ்க்ரூடிரைவர் நுனிகளை ஒவ்வொரு பள்ளத்துக்கும் பொருந்தும்படி அரத்தால் தேய்த்துக்கொண்டேன். கடை ஸ்க்ரூடிரைவர் ஆப்பு மாதிரி இருக்கும், வழுக்கி தலையைச் சிதைத்துவிடும். குழலின் பின்முனையை அடைக்கும் அடிமூடியை மட்டும் கழற்றவே இல்லை. தேவையும் இல்லை.

அப்புறம் நான் செய்த முட்டாள்தனம். மரக்கட்டை அழுக்காக இருக்கிறதே என்று பின்மட்டையில் உப்புத்தாள் போட்டேன். பத்து நிமிடத்தில் மரம் புதுப்பெண் மாதிரி பளபளத்தது. வலப்பக்கத்தில் மங்கலாக இருந்த வட்ட முத்திரையைக் காணோம். நூற்றைம்பது வருடம் தாங்கிய முத்திரை என் கையில் பத்து நிமிடம் தாங்கவில்லை. இன்றைக்கும் அந்த இடத்தில் கன்னம் படும்போதெல்லாம் எரிச்சல் வரும். துணியில் ஆளிவிதை எண்ணெய் தொட்டுத் தேய்த்திருந்தால் போதும்.

சுடுவதற்கு முன் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் குழலைக் காட்டினேன். அடிப்பக்கம் கொஞ்சம் அரிப்புப் பள்ளங்கள், ஆனால் ஆழமில்லை, கருமருந்து மட்டும் போட்டுச் சுடலாம் என்றார். இன்றைய புகையில்லா மருந்தைச் சிட்டிகை அளவுகூட இதற்குள் போடக்கூடாது, குழல் பிளந்துவிடும். ராணுவ அளவு 68 கிரெயின் மருந்து, 530 கிரெயின் குண்டு (ஒரு கிராம் சுமார் பதினைந்து கிரெயின்). நான் மருந்தைக் குறைத்தே போடுகிறேன். வயதான இரும்பை விரட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது?

முதல் வருடம் முழுக்க இலக்குத் தாளில் ஓட்டைகள் சாவித்துளை மாதிரி நீளமாக விழுந்தன. குண்டு பக்கவாட்டில் புரண்டு போய் அடித்திருக்கிறது. கண்ணைக் குற்றம் சொன்னேன், கையைக் குற்றம் சொன்னேன். குற்றம் ஈயத்தில். குண்டின் அடிப்பக்கம் குடைவாக இருக்கும். மருந்து எரியும் அழுத்தத்தில் அந்தக் குடைவின் மெல்லிய சுவர் விரிந்து வரிப்பள்ளங்களைப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் குண்டு சுழலும். நான் உருக்கி வார்த்தது கலப்பு ஈயம், கெட்டியானது, விரியவே இல்லை. அதோடு நான் குண்டு வார்த்த அச்சு என் குழலுக்குச் சின்னது. ஈயத்துண்டு ஒன்றைக் குழலுக்குள் இறக்கி அச்செடுத்து அளந்து, அதைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் குறைவான அச்சுக்கு மாறினேன். சுத்த ஈயம், குண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களில் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும். இப்போது 50 கஜத்தில் ஐந்து குண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும். பார்வைக்குறியின் மிகக் குறைந்த அளவே 100 கஜம் என்பதால் 50இல் மேலே போகும், இலக்கின் கீழ் விளிம்பைப் பார்த்துத்தான் சுட வேண்டும்.

இன்னொரு கோளாறு இரண்டாம் வருடம் வந்தது. ஒவ்வொரு வேட்டுக்கும் குதிரை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தி, தானாகப் பாதி பின்னுக்குப் போய் நின்றது. ஒருமுறை கேப்புச் சிதறல் கன்னத்தில் சுரீரென்று பட்டது. நிப்பிளின் ஓட்டை தேய்ந்து அகன்றதால் வாயு அந்த வழியே பீறிட்டிருக்கிறது. புது நிப்பிள் போட்டதும் சரியானது. கண்ணாடி போடாமல் இருந்திருந்தால் என்பதை நான் அதிகம் யோசிப்பதில்லை.

பேச்சு சுவாரசியத்தில் மருந்து போடாமல் குண்டை மட்டும் இடித்து இறக்கியதும் உண்டு. கேப்பு ‘டப்’ என்றது, வேறு ஒன்றும் இல்லை. தாமதமாக வெடிக்கலாம் என்பதால் வாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு சில நிமிடங்கள் காத்திருந்தேன். பிறகு நிப்பிளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே சில துணுக்கு மருந்தைத் தட்டித் தட்டி உள்ளே விட்டு, குண்டு அடியில் உட்கார்ந்திருப்பதை உறுதிசெய்து, சுட்டுத் தள்ளினேன். அன்றிலிருந்து கெஜக்கோலில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். மருந்தும் குண்டும் சரியாக இறங்கினால் கோடு வாய் விளிம்போடு நிற்கும். குண்டு பாதியில் நின்று இடைவெளி விழுந்தால் அதுவும் தெரிந்துவிடும். அந்த இடைவெளியோடு சுட்டால் குழல் வளையமாக வீங்கும்.

கழுவுவதற்கு வருகிறேன். கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மிச்சம் கரியும் கந்தகமும். எரிந்த பின் மிஞ்சும் பொருள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் துருவைக் கூப்பிடும். அன்றைக்கே கழுவியாக வேண்டும். கொதிக்கும் நீரைக் குழல் வழியே ஊற்றினால் கறுப்பாக, அழுகிய முட்டை வாசனையோடு வடியும். வீட்டில் இதற்கென்று தனிப் பாத்திரம் ஒதுக்கிவிட்டேன், ஒதுக்க வைத்துவிட்டார்கள் என்பதுதான் உண்மை. குழல் சூட்டிலேயே உள்ளே உலர்ந்துவிடும், பிறகு எண்ணெய்த் துணி.

நிறைய சுட ஆசை என்றால் புதிதாகச் செய்த நகல் வாங்குங்கள், அசல் அதற்குத் தோதில்லை. உரிமச் சட்டம் ஊருக்கு ஊர் மாறும், வாங்கும் முன் விசாரித்துவிடுங்கள். நான் விற்பேனா என்றால், மாட்டேன்.

நேற்று பன்னிரண்டு வேட்டு. கழுவி எண்ணெய் போட்டு வைத்த குழலில் இன்று காலை விட்ட துணி லேசான செம்மண் நிறத்தில் வந்தது. மறுபடி எண்ணெய் போட்டிருக்கிறேன், நாளைக்கும் ஒரு துணி விட்டுப் பார்க்க வேண்டும்.