மவுஸ் பட்டன்: செம்புத் தகடா, ஒளிக்கதிரா?

ஃபோல்டரை ஒருமுறை தட்டினாலே திறந்துகொள்ளும். இழுத்துப் போகும் ஃபைல் பாதி வழியில் நழுவிவிடும். என் மவுஸ் இப்படித்தான் படுத்தியது. திருகைக் கழற்றிப் பார்த்தேன். பட்டனுக்குக் கீழே மைக்ரோ ஸ்விட்ச், அதற்குள் நகத்தைவிடச் சிறிய செம்புத் தகடு. அழுத்தும்போதெல்லாம் அது முனையில் மோதி, சில மில்லி விநாடி துள்ளி அடங்கும். அதை ஒரே கிளிக்காக எண்ணுவதற்காக மவுஸ் கொஞ்சம் காத்திருக்கும். தகடு தளர்ந்து முனை கறுத்துவிட்டால் துள்ளல் நீளும்; ஒரு கிளிக் இரண்டாகும்.

ஆப்டிகல் ஸ்விட்சில் இந்தத் தொல்லையே இல்லை. அகச்சிவப்புக் கதிர் ஒன்று மறைகிறதா, விழுகிறதா என்று எதிரே உள்ள உணரி பார்க்கிறது, அவ்வளவுதான். 2019-ல் வந்த ரேசர் நிறுவனத்தின் வைப்பர் மவுஸில் இந்த ஸ்விட்ச் 7 கோடி கிளிக் வரை தாங்கும் என்று அந்த நிறுவனம் சொன்னது. ஆனால் ‘டிக்’ என்ற உணர்வைத் தர அதிலும் ஸ்பிரிங் உண்டு. அது தேயத்தான் செய்யும்.

பழுது பார்க்கப் பழையதுதான் சுலபம். சால்டரிங் அயர்ன் இருந்தால் ஸ்விட்சின் மூன்று கால்களிலும் உள்ள சால்டரை உருக்கி, அதை எடுத்துவிட்டுப் புது ஸ்விட்சை வைத்துவிடலாம். நானும் அதைத்தான் செய்தேன். அடுத்து வாங்குவது ஆப்டிகல்தான்.