தோற்ற பின்னும் பதவியில் நிலைத்தல்: நாசர் வழியா, சதாம் வழியா?

போரில் தோற்ற தலைவர் பொறுப்பேற்பதா, மறுப்பதா என்று வெள்ளவத்தையில் நண்பர்களிடையே எழுந்த வாதம் இரவு வரை நீண்டதால், இரண்டையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

தொடக்கம்:
எகிப்து ஜனாதிபதி நாசர், இஸ்ரேலுடனான போரில் சினாய்த் தீபகற்பத்தை இழந்த நிலையில், 1967 ஜூன் 9 அன்று தொலைக்காட்சியில் தோல்விக்கு முழுப் பொறுப்பேற்றுப் பதவி விலகுவதாக அறிவித்தார். கெய்ரோ வீதிகளில் திரண்ட மக்கள் அவரைத் திரும்ப அழைக்க, மறுநாளே விலகலைக் கைவிட்டார். அந்தக் கூட்டத்தில் எவ்வளவு தன்னெழுச்சி, எவ்வளவு ஏற்பாடு என்ற வாதம் இன்றும் உண்டு.
ஈராக் ஜனாதிபதி சதாம் ஹுசைன், 1991இல் தன் படை குவைத்திலிருந்து விரட்டப்பட்ட பின்னும், வெற்றி என்றே முழங்கினார்.

விலை:
நாசருக்காக இராணுவத் தலைமை பலியானது. அவருடைய நெருங்கிய நண்பரும் படைத் தலைவருமான ஆமிர் பதவியிழந்து, செப்டெம்பரில் இறந்தார். விமானப்படைத் தளபதிகளுக்கு இலேசான தண்டனையே கிடைத்ததால், 1968 பெப்ரவரியில் மாணவரும் தொழிலாளரும் தெருவில் இறங்கினர்.
சதாமின் விலையைக் குடிமக்களே செலுத்தினர்: தெற்கிலும் வடக்கிலும் வெடித்த கிளர்ச்சிகளைக் குடியரசுக் காவற்படை இரத்தத்தில் அடக்கியது, பொருளாதாரத் தடையும் நீடித்தது.

ஆயுள்:
நாசர், 1970இல் இறக்கும்வரை.
சதாம், 2003 வரை. வடக்கின் குர்துப் பகுதி மட்டும் கைநழுவியது.

மக்களின் அன்பைச் சேமித்து வைத்திருப்பவருக்கு முதல் வழி பொருந்தும். அது இல்லாமல், விசுவாசமான படையை மட்டும் மிச்சம் வைத்திருப்பவருக்கு இரண்டாவதே கைகொடுக்கும்.