குடும்பம் கூடும் நாளில் ஆட்டுக்கறி டாக்கோ: சில ஆண்டு அனுபவம்

பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் சில ஆண்டுகளாக நான் செய்வது இதைத்தான். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வெந்த செம்மறியாட்டுக் கறி, டார்ட்டியா எனும் மெல்லிய மக்காச்சோள ரொட்டி சுடச்சுட, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, சல்சா எனும் தொடுசாந்து இரண்டு வகை. எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டால் அவரவரே டார்ட்டியாவில் வைத்து மடித்துச் சாப்பிட்டுக்கொள்வார்கள், அதுதான் டாக்கோ. காரமே ஆகாத குழந்தைக்கும் எவ்வளவு போட்டாலும் உறைக்கவில்லை என்கிற சித்தப்பாவுக்கும் ஒரே சட்டி போதும்.

செய்முறை கேட்பவர்கள் எல்லாரும் கறியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை மணி நேரம், என்ன மிளகாய், எந்தக் குக்கர் என்று. உண்மையில் கறி பாடு பெரிதில்லை, முந்தின நாளே முடிந்துவிடும். விருந்தைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் டார்ட்டியாதான். அதனால் இரண்டையும் பற்றிச் சொல்கிறேன், டார்ட்டியாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே.

இதன் தாய்ச்சமையல் பார்பகோவா. மத்திய மெக்சிகோவில், முக்கியமாக இதால்கோ மாநிலத்தில், தரையில் குழி வெட்டிக் கல் அடுக்கி, விறகை எரித்துத் தணலாக்குவார்கள். மாகேய் என்ற, கற்றாழை போலிருக்கும் பெரிய செடியின் தடித்த மடல்களை வாட்டி உள்ளே பரப்பி, கறியை வைத்து மூடி, மேலே மண் போட்டுவிடுவார்கள். இரவெல்லாம் வேகும். கறிக்கு அடியில் ஒரு பாத்திரத்தில் கொண்டைக்கடலை, அரிசி, காய்கறி இருக்கும். மேலிருந்து சொட்டுகிற சாறெல்லாம் அதில் இறங்கும். அந்தச் சாறுக்குக் கொன்சோமே என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுகிற சாப்பாடு அது. இதால்கோவில் ஆக்தோபான் என்ற ஊர் இதற்கே பேர்போனது. ஆடு அங்கே ஸ்பானியர்களோடு 16ஆம் நூற்றாண்டில் வந்தது. மாகேயும் மிளகாயும் மக்காச்சோளமும் அதற்கு வெகு முன்பிருந்தே அந்த மண்ணில் இருந்தவை.

வீட்டில் குழி வெட்ட முடியாது. மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கர் செய்வது அந்தக் குழியின் ஒரு பாதி வேலையை: மூடிய இடம், ஈரமான சூடு, அவசரமின்மை. புகையும் மாகேய் மணமும் வராது. அதை ஈடுகட்ட, தெற்கு மெக்சிகோவில் செய்வதுபோல வாழையிலையை வாட்டிப் பாத்திரத்தில் விரித்து, காய்ந்த அவகாடோ இலை கிடைத்தால் இரண்டு போடுகிறேன். லேசான சோம்பு வாசனை தரும். கிடைக்காவிட்டால் பிரிஞ்சி இலை. புகைக்கு ஒரு சிப்போத்லே மிளகாய் போதும். அது புகையில் உலர்த்திய ஹாலப்பேன்யோ மிளகாய்தான். திரவப் புகை என்று புட்டியில் விற்பதை ஒருமுறை சேர்த்தாலே போதும், மறுபடி கை அந்தப் பக்கம் போகாது.

கறியில் எலும்போடு சேர்ந்த தோள்பகுதிதான் வாங்க வேண்டும். தொடைக்கறி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கொழுப்பும் சவ்வும் குறைவு, நெடுநேரம் வெந்தால் நார் நாராகக் காய்ந்துபோகும். தோளில் இருக்கிற சவ்வு கரைந்து கூழ்போல ஆவதால்தான் கறிக்கு அந்த வழவழப்பு வருகிறது. கறியின் உட்சூடு 70 டிகிரியைத் தாண்டியபிறகுதான் அந்த வேலை சுறுசுறுப்பாக நடக்கும்; 93 முதல் 96 டிகிரிக்குள் முள்கரண்டியைக் குத்தித் திருகினால் பிரிந்து வரும். வெப்பமானி இல்லையென்றாலும் பரவாயில்லை. தோள் எலும்பைப் பிடித்து இழுத்தால் சுத்தமாகக் கழன்று கையோடு வரவேண்டும். இழுபறி செய்தால் இன்னும் ஒரு மணி நேரம்.

அளவு விஷயத்தில் பலர் ஏமாறுவார்கள். எலும்போடு நான்கு கிலோ வாங்கினால் வெந்து உதிர்த்தபின் கையில் நிற்பது பாதிக்குச் சற்றுக் குறைவுதான். ஒரு சின்ன டாக்கோவுக்கு நாற்பது, நாற்பத்தைந்து கிராம் கறி. பெரியவர் ஒருவருக்கு நான்கு என்று வைத்தால் பன்னிரண்டு பேருக்கு நான்கு கிலோ கச்சிதமாக வரும். ஆறு லிட்டர் குக்கரில் அவ்வளவும் அடங்காது, பாதியை ஓவனில் வைத்துவிடுகிறேன்.

மிளகாய் விழுதுக்கு, இரண்டு கிலோ கறிக்கு ஆறு குவாஹியோ, மூன்று ஆன்ச்சோ, ஒரு சிப்போத்லே. குவாஹியோ நிறத்துக்கும் லேசான புளிப்புக்கும். ஆன்ச்சோ என்பது காய்ந்த போப்லானோ மிளகாய், உலர்பழம்போல இனிக்கும். இரண்டுமே காரம் குறைந்தவை, ஆகவே எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விதையைத் தட்டிவிட்டு, காய்ந்த சட்டியில் பக்கத்துக்குச் சில நொடிகள் மட்டும் வாட்டி, வாசனை எழும்பியதும் எடுத்துவிட வேண்டும். கருகினால் சட்டி முழுக்கக் கசக்கும், அதற்கு மருந்தே கிடையாது. வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பூண்டு ஆறு பல், அரை வெங்காயம், ஒரு தேக்கரண்டி சீரகம், மூன்று கிராம்பு, விரல்நுனி அளவு பட்டை, மூன்று மேசைக்கரண்டி வினிகர், மெக்சிகோ ஓரிகானோ சேர்த்து அரைக்கிறேன். பீட்சாவில் தூவுகிற ஓரிகானோ வேறு செடி, புதினா வகையைச் சேர்ந்தது. மெக்சிகோ ஓரிகானோ வெர்பீனா குடும்பம், எலுமிச்சை மணம் அதிகம். இல்லையென்றால் பீட்சா ஓரிகானோவைக் குறைத்துப் போடலாம், யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. குவாஹியோ தோல் எவ்வளவு அரைத்தாலும் மசியாது, விழுதை வடிகட்டியே ஆகவேண்டும். இந்த ஒரு வேலை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

விழுதைப் பூசி, உப்புப் போட்டு, இரவு முழுக்க ஊறவைக்கிறேன். நான்கு மணி நேரம் ஊறியதற்கும் இரவெல்லாம் ஊறியதற்கும் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. உப்பு மட்டும் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்கும்.

இனிப் பாத்திரங்கள். மூன்றிலும் மாற்றி மாற்றிச் சமைத்துவிட்டேன்.

ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டில் எட்டு, ஒன்பது மணி நேரம். நீர் ஆவியாகிப் போகாது என்பதால் ஒரு கப் தண்ணீருக்கு மேல் ஊற்றக் கூடாது, கறியே தேவையான சாறு விடும். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது சரிப்படாது. ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிடம்போல ஆகும். உறைந்த கறியை அப்படியே போடவும் கூடாது. பாதுகாப்பான சூட்டை எட்ட வெகுநேரம் பிடிக்கும். இதன் பெரிய குறை, கறியின் மேல்பக்கம் ஒருபோதும் மொறுகாது. நிறமும் மங்கலாகவே இருக்கும்.

ஓவனில் கனத்த இரும்புச் சட்டியில் மூடிபோட்டு 150 டிகிரியில் நான்கு மணி நேரம், கடைசி அரைமணிக்கு மூடியை எடுத்துவிட்டால் ஓரங்கள் கருஞ்சிவப்பாக மொறுகும். மூன்றில் ருசி இதில்தான் முதலிடம். ஆனால் வீட்டைவிட்டு வெளியே போக முடியாது.

பிரஷர் குக்கரில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கறி மிருதுவாக இருக்கிறது, சாறு மட்டும் கலங்கலாக, ஏதோ அவசரத்தில் வைத்ததுபோலவே இருக்கும். மின் பிரஷர் குக்கர் என்றால் மூடியிலுள்ள சிலிக்கோன் வளையம் ஆட்டுக்கொழுப்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. பாயசம் வைக்கிற வளையம் தனியாக இருப்பது நல்லது.

கூட்டம் வருகிற நாளுக்கு என் ஓட்டு ஸ்லோ குக்கருக்கே, அதுவும் முந்தின நாள் இரவில். காரணம் ருசியல்ல, கொழுப்பு. ஆட்டுக்கொழுப்பு மாட்டுக்கொழுப்பையும் கோழிக்கொழுப்பையும்விடச் சீக்கிரம் உறையும். சாப்பிடும்போது தட்டு கொஞ்சம் ஆறினாலும் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும். ஆட்டுக்கே உரிய அந்த வீச்சமும் பெரும்பாலும் கொழுப்பில்தான் இருக்கிறது. வெந்த கறியை எடுத்துவிட்டு, சாறை அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு தகடு கிடைக்கும். கரண்டியின் ஓரத்தால் தட்டினால் ஓடுபோல உடையும். அடியில் சாறு தளதளவென்று கூழாக நிற்கும். தகட்டில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு, கால்வாசியை மறுபடி சாறிலேயே விட்டுவிடுகிறேன். முழுக்க எடுத்தால் ஆட்டுக்கறி சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

மறுநாள் கறியை உதிர்த்து, சாறில் கொஞ்சம் விட்டுக் கொதிக்கவைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன் ஒரு தட்டில் பரப்பி ஓவனின் மேல்சூட்டில் ஐந்து நிமிடம் காட்டினால் ஸ்லோ குக்கரின் குறை பாதி தீரும். மிச்சச் சாறில் தனியே வெந்த கொண்டைக்கடலையைப் போட்டுச் சின்னக் கோப்பைகளில் கொடுக்கலாம். கடலையை மிளகாய் விழுதோடு சேர்த்து வேகவைக்காதீர்கள், வினிகர் புளிப்பில் அது மெத்தென்று வேகாது.

டார்ட்டியாவுக்கு வருவோம். இதற்கு மாசா அரினா மட்டும்தான் சரிவரும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறப்போட்டு அரைத்து உலர்த்திய மாவு அது. சுண்ணாம்புதான் மாவுக்குப் பிசுக்கைக் கொடுக்கிறது, கூடவே மக்காச்சோளத்திலுள்ள நயாசின் சத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. வெறும் மக்காச்சோள மாவை எப்படிப் பிசைந்தாலும் பிளந்துகொண்டே போகும். மாசேகா என்ற பெயரில் விற்கும் மாவைத்தான் நான் தொடர்ந்து வாங்குகிறேன். பையைத் திறந்தபின் ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் சில மாதங்களில் பழைய எண்ணெய் வாடை வந்துவிடும்.

இரண்டு கப் மாவுக்கு ஒன்றரை கப் வெதுவெதுப்பான நீர், உப்பு. பதினாறு டார்ட்டியா வரும். பிசைந்து மூடி இருபது நிமிடம் விடவேண்டும். ஒரு சின்ன உருண்டையை உள்ளங்கையில் அமுக்கிப் பார்ப்பேன்: ஓரம் வெடித்தால் தண்ணீர் போதாது, கையில் ஒட்டினால் அதிகம். அழுத்தும் கருவியில் வார்ப்பிரும்பு வாங்குங்கள். கனமே பாதி வேலையைச் செய்துவிடும். என்னிடமிருந்த இலேசான அலுமினியக் கருவியின் கைப்பிடி வெகுசீக்கிரம் வளைந்துபோயிற்று. இரும்பைக் கழுவாமல் துடைத்து வைத்தால் துருப்பிடிக்காது. மாவு ஒட்டாமலிருக்க, கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றை இரண்டாக வெட்டி மேலும் கீழும் வைத்தால் போதும்.

கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். போட்டு இருபது நொடியில் ஓரம் தானாக விட்டுக்கொடுக்கும், அப்போது முதல் திருப்பல். இரண்டாவது பக்கம் ஒரு நிமிடம்போல, பழுப்புப் புள்ளிகள் விழும்வரை. மறுபடி திருப்பி, நடுவில் விரலால் லேசாக அழுத்தினால் ஒரு நொடி தயங்கிவிட்டு மெல்ல மேலெழும்பும். எங்கள் வீட்டுப் பொடிசுகள் இதற்காகவே அடுப்பருகே வந்து நிற்கும். “அத்தை, உப்புது உப்புது!” என்று ஒரே கூச்சல். உப்பாமல் போனாலும் தின்னலாம், மடிக்கும்போது சற்று முரட்டாக இருக்கும்.

சுட்டதைத் துணியில் சுற்றி மூடிய கூடையில் அடுக்கினால் தம் நீராவியிலேயே இளகும். அரை மணி நேரத்துக்கு மேல் அந்த மென்மை நிற்காது என்பதுதான் சிக்கல். நாற்பத்தெட்டு டார்ட்டியாவை ஒற்றை ஆளாகச் சுட்டுக்கொண்டிருந்தால் சமையலறையிலேயே விருந்து முடிந்துவிடும். ஆகவே வருகிறவர்களில் இருவரை முன்பே பேசிவைத்துவிடுவேன்: ஒருவர் உருட்ட, ஒருவர் அழுத்த, நான் சுட. இரண்டு கல் போட்டால் இருபத்தைந்து நிமிடம். உதவிக்கு ஆள் கிடையாதென்றால் கடையில் விற்கும் மக்காச்சோள டார்ட்டியாவைச் சாறின்மேல் மிதக்கும் கொழுப்பில் ஒருபக்கம் தொட்டுக் கல்லில் வாட்டிக் கொடுங்கள். உடையாமல் மடியும், கறியின் மணமும் ஏறும். கோதுமை டார்ட்டியாவும் மெக்சிகோவின் வடபகுதியில் உண்டுதான். இந்தக் கறியின் கொழுப்புக்கு மக்காச்சோளத்தின் அந்த லேசான கசப்பு வேண்டியிருக்கிறது என்பது என் கட்சி. மொறுமொறுவென்று வளைத்துப் பொரித்த ஓடுகளை மட்டும் தயவுசெய்து இதற்கு வாங்க வேண்டாம். முதல் கடியிலேயே உடைந்து சாறெல்லாம் மடியில்.

சீஸ், லெட்டூஸ், புளித்த க்ரீம் எதுவும் மேசைக்கு வருவதில்லை. கேட்பவர்களுக்கு ஒரு டாக்கோ கொடுத்துவிட்டால் பிறகு கேட்பதில்லை. இதால்கோ பக்கம் இதற்குத் தொட்டுக்கொள்வது சல்சா போர்ராச்சா, பசில்யா மிளகாயில் மாகேய்ச் சாறைப் புளிக்கவைத்த புல்கே சேர்த்து அரைப்பது. புல்கே கிடைக்காத இடத்தில் சிலர் பீர் ஊற்றுவார்கள். குழந்தைகள் இருப்பதால் நான் ஆரஞ்சுச் சாறும் வினிகரும் சேர்த்து ஒப்பேற்றுகிறேன். இன்னொன்று தொமத்தீயோ என்ற, தக்காளி போலிருக்கும் புளிப்பான பச்சைக் காயைப் போட்ட பச்சைச் சல்சா. அதன் புளிப்பு இல்லாமல் மூன்றாவது டாக்கோ திகட்டும்.

மிஞ்சிய கறியைச் சாறோடு சேர்த்து உறையவைத்தால் மூன்று மாதம் தாங்கும், சாறில்லாமல் வைத்தால் சக்கையாகிவிடும். மீந்த டார்ட்டியா மறுநாள் மடிப்பதற்கு ஆகாது. அதில் இந்தக் கறியை வைத்து இறுகச் சுருட்டி, எடுத்து வைத்த கொழுப்பில் பொரித்தால் ஃப்ளவுத்தா. விருந்தினர் போனபிறகு எங்களுக்கு மட்டும் செய்துகொள்வது.