திங்கட்கிழமைக் காலையும் அப்பாயின்ட்மென்ட் மென்பொருளும்: எங்கள் கிளினிக்கில் நான்கு வழிகளைப் பார்த்த கதை

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு எங்கள் கிளினிக்கின் இரும்புக் கதவைத் தூக்கும்போதே வெளியே பத்துப் பேர் நிற்பார்கள். பாதிப் பேருக்குக் காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு, வேலையிடத்தில் காட்ட எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், வேண்டும். மற்றவர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வந்த பெரியவர்கள். யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. சிங்கப்பூரில் வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் கிளினிக் என்றால் அப்படித்தான்.

பல் மருத்துவரிடம் போகிறவர்கள் பெரும்பாலும் நேரம் குறித்துக்கொண்டுதான் போவார்கள். எங்களிடம் நேரம் குறித்தவரும் குறிக்காதவரும் ஒரே வரிசை நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த இரண்டு வகையினரும் ஒரே பட்டியலில் தெரிகிறார்களா? தெரியாவிட்டால் மற்ற வசதிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கவுன்டரில் இருப்பவருக்குப் பிரயோசனம் இல்லை.

பல வருடம் நேரம் குறிக்காமலேயே ஓட்டினோம். 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி தொடங்கியதும் நிலைமை மாறியது. ஒருவர் ஒரு கிளினிக்கைத் தேர்ந்தெடுத்து அங்கேயே தொடர்ந்து உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்கத் திட்டம் அது. முதலில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், பிறகு 40 வயதிலிருந்தே பதிந்துகொள்ளலாம் என்றானது. பதிந்தவர் முதல்முறை டாக்டரோடு உட்கார்ந்து தன் சுகாதாரத் திட்டத்தைப் பேச வேண்டும், அதற்கு அவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பேச்சைப் பத்து நிமிடத்தில் முடிக்க முடியாது. வெளியே இருமிக்கொண்டு ஏழு பேர் காத்திருக்கும்போது ஒரு பெரியவருக்கு அரை மணி நேரம் ஒதுக்குவது எப்படி? அப்போதுதான் வழி தேட ஆரம்பித்தோம்.

நோட்டும் வாட்ஸ்அப்பும்

முதலில் இருந்தது நீளமான கணக்கு நோட்டும் கவுன்டர் போனும்தான். அதோடு வாட்ஸ்அப் பிசினஸைச் சேர்த்தோம். செயலி இலவசம், ஒரு போனோடு இன்னும் நான்கு சாதனங்களை இணைக்கலாம். கிளினிக் மூடியிருக்கும்போது தானாகப் போகும் பதில், அடிக்கடி சொல்லும் வரிகளுக்குக் குறுக்குவழி, ‘உறுதியானது’, ‘மாற்ற வேண்டும்’ என்று ஒட்டிவைக்க லேபிள் எல்லாம் உண்டு.

இதை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. தமிழில் எழுதினால் தமிழில் பதில் போகும், குரல் பதிவு அனுப்பினால் கேட்டுக்கொள்ளலாம். எழுதப் படிக்கச் சிரமப்படும் பாட்டி ஒருவர் “நாளைக்கு ரத்தம் குடுக்க வரலாமா கண்ணு?” என்று குரலில் கேட்பார். எந்த முன்பதிவுப் பக்கமும் அவருக்கு இப்படிப் பதில் சொல்லாது.

சிக்கல், வாட்ஸ்அப்பில் வருவது முன்பதிவு அல்ல, உரையாடல் என்பதுதான். “நாளை காலை?” “பத்து மணி இருக்கிறது.” “பத்தரை கிடைக்குமா?” “பார்க்கிறேன்.” அதற்குள் கவுன்டரில் ஒருவர் வந்து பத்தரையைக் கேட்டு வாங்கிக்கொள்வார். ஒரு பதிவுக்கு ஐந்தாறு செய்தி. அதோடு அடையாள அட்டையின் படம், தோல் அரிப்பின் படம் என்று கேட்காமலே அனுப்புவார்கள். அத்தனையும் போனில் தங்கும். நீங்கள் இந்த வழியில் போனால் கிளினிக்குக்கென்று தனிப் போன், தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். ஊழியரின் சொந்தப் போன் வேண்டவே வேண்டாம். அவர் வேலையை விட்டுப் போகும்போது நோயாளிகளின் விவரமும் கூடவே போய்விடும்.

பொதுவான முன்பதிவுத் தளங்கள்

அடுத்தது கேலண்ட்லி, கூகல் கேலண்டரின் முன்பதிவுப் பக்கம் போன்றவை. ஒரு மாலையில் அமைத்துவிடலாம். இணைப்பைக் கதவில் கியூஆர் குறியீடாக ஒட்டினால் போதும், ராத்திரி பதினோரு மணிக்கும் ஆட்கள் நேரம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் இளைய நோயாளிகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான். அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கு ஹெல்த்ஹப் செயலியில் நேரம் எடுத்துப் பழகியவர்கள் எங்களிடமும் அதையே எதிர்பார்க்கிறார்கள், அது நியாயம்தான்.

ஆனால் இவை கிளினிக்குக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கேலண்ட்லியின் இலவசத் திட்டத்தில் ஒரே ஒரு வகைச் சந்திப்பைத்தான் வைக்க முடியும். எங்களுக்குச் சளிக்குப் பத்து நிமிடம், சுகாதாரத் திட்டத்துக்கு முப்பது நிமிடம், தடுப்பூசிக்கு டாக்டர் இல்லாமல் தாதியின் நேரம் மட்டும், வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்குக் காலை மட்டும். காசு கட்டினால் வகைகளைப் பிரித்துக்கொள்ளலாம், சரி. அப்போதும் அந்தத் தளத்துக்கு நோட்டில் இருப்பது தெரியாது, நோட்டுக்குத் தளத்தில் இருப்பது தெரியாது.

ஒரு சனிக்கிழமை நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. காலை ஒன்பது மணியை ஒருவர் இணையத்தில் எடுத்திருந்தார். அதே ஒன்பது மணியைப் போனில் கேட்ட ஒரு பெரியவருக்கு என்னோடு வேலை செய்யும் தங்கை நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். அன்று பின்னாலிருந்த எல்லாமும் தள்ளிக்கொண்டே போனது. அந்தப் பெரியவர் சர்க்கரை நோயாளி. முந்தின இரவு எட்டு மணியிலிருந்து சாப்பிடாமல் வந்து பத்தே கால் வரை உட்கார்ந்திருந்தார், கோபப்படவில்லை. “பரவாயில்லம்மா, கூட்டம் இருக்கே” என்றார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. திங்கட்கிழமையே அந்தப் பக்கத்தை மூடிவிட்டோம்.

உடற்பயிற்சி சிகிச்சையாளர், மனநல ஆலோசகர் போல ஒரே ஆள், ஒரே அளவு நேரம், நேரம் குறிக்காமல் யாரும் வராத இடம் என்றால் இந்தத் தளங்கள் தாராளமாகப் போதும். அவர்களுக்கு இதற்கு மேல் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

கிளினிக் மென்பொருளுக்குள் இருக்கும் நாட்காட்டி

சிங்கப்பூரில் கிளினிக் அசிஸ்ட், பிளேட்டோ, எஸ்ஜிஐமெட் போன்ற கிளினிக் நிர்வாக மென்பொருள்களின் பெயரைக் கவுன்டர் ஊழியர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். நோயாளியின் பதிவு, மருந்து இருப்பு, பில், சாஸ் எனப்படும் அரசாங்க மருத்துவச் சலுகை அட்டைக்கான கோரிக்கை எல்லாம் இந்த வகை மென்பொருளில்தான் ஓடும். ஹெல்தியர் எஸ்ஜியில் சேரும் கிளினிக்குகள் சுகாதார அமைச்சின் அமைப்புகளோடு தகவல் பரிமாறக்கூடிய மென்பொருளை வைத்திருக்க வேண்டும். அதற்கு 10,000 சிங்கப்பூர் வெள்ளி ஒருமுறை மானியமும் அறிவிக்கப்பட்டது. ஆகவே பலரிடம் மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது, அதன் நாட்காட்டியைத்தான் திறந்து பார்க்காமல் வைத்திருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

இங்கே பெயரைப் புதிதாகத் தட்டச்ச வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் பதிவைத் தேர்ந்தெடுத்து நேரத்தில் வைத்தால் ஒவ்வாமை, கடைசியாக வந்த தேதி, சாஸ் அட்டையின் நிறம் எல்லாம் கூடவே வரும். அவர் வந்ததும் ஒரு தட்டு, வரிசையில் சேர்ந்துவிடுவார். நேராக வந்தவரும் அதே வரிசையில்தான். நான் தேடிய ஒரே பட்டியல் இங்கேதான் கிடைத்தது.

எங்கள் டாக்டருக்குப் பதிலாக லோக்கம் எனப்படும் தற்காலிக டாக்டர் வரும் நாளுக்கும் இது உதவுகிறது. “நம்ம டாக்டர்தானே இருப்பார்?” என்று கேட்காமல் எங்கள் பெரியவர்கள் வரமாட்டார்கள். டாக்டருக்கு ஒரு பத்தி, லோக்கத்துக்கு ஒரு பத்தி, தாதிக்கு ஒரு பத்தி என்று திரையில் தனித்தனியாக இருந்தால் போனில் உடனே பதில் சொல்லலாம்.

குறைகளும் உண்டு. மாதக் கட்டணம் நோட்டைவிடக் கூடுதல் என்பதைச் சொல்லவே வேண்டாம். நோயாளி பார்க்கும் முன்பதிவுப் பக்கம் நாங்கள் சோதித்த ஒன்றில் ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் சின்ன எழுத்தில் இருந்தது. இணையம் நின்றால் கையும் ஓடாது. வேறு மென்பொருளுக்கு மாற நினைக்கும்போது பழைய பதிவுகளை எடுத்துத் தருவதற்கு இழுத்தடிப்பவர்களும் இருக்கிறார்கள். எதிர்கால அப்பாயின்ட்மென்ட்டுகளையும் சேர்த்துச் சாதாரணக் கோப்பாக ஏற்றுமதி செய்யத் தருவார்களா என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பணத்தைப் பற்றி இன்னொன்று. பிஎஸ்ஜி எனப்படும் உற்பத்தித்திறன் தீர்வு மானியத்தின் கீழ், முன் அங்கீகாரம் பெற்ற மென்பொருளுக்குத் தகுதியுள்ள சிறு நிறுவனங்கள் 50 விழுக்காடு வரை பெறலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பந்தம் போட்டாலோ பணம் கட்டினாலோ மானியம் கிடைக்காது. விற்பனையாளர் அவசரப்படுத்தினாலும் பேனாவை எடுக்காதீர்கள்.

வீட்டிலிருந்தே வரிசை எண்

நேரம் குறிப்பதற்கே மாற்றாக இது: போனில் வரிசை எண் எடுத்துவிட்டு, முறை நெருங்கும்போது கிளம்பி வருவது. எம்சிக்கு வருகிறவர்களுக்கு இது பொருத்தம். காய்ச்சலோடு ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டாம், பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கும் தொற்றாது. ஆனால் எட்டு மணியிலிருந்து காத்திருக்கும் பாட்டியின் கண் முன்னால், அப்போதுதான் வந்த பையன் உள்ளே போவான். திரையில் இரண்டு வகை எண்களையும் சேர்த்துக் காட்டினோம், கவுன்டரிலிருந்து எழுந்து போய் விளக்கியும் சொன்னோம். அப்படியும் மனத்தாங்கல் வந்தது. எடுத்துவிட்டு வராதவர்களின் எண்களும் நடுவில் நிற்கும். சுகாதாரத் திட்டப் பேச்சுக்கு இது எந்த விதத்திலும் உதவாது, ஏனென்றால் அங்கே வேண்டியது எண் அல்ல, நேரம்.

நினைவூட்டலில் நாங்கள் பட்டது

எந்த வழியானாலும் நினைவூட்டல் செய்தி முக்கியம். இந்த விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யப்படாத அனுப்புநர் பெயரில் வரும் எஸ்எம்எஸ் ‘லைக்லி ஸ்கேம்’ (மோசடியாக இருக்கலாம்) என்ற தலைப்பின் கீழ்தான் வந்து விழும். கிளினிக் யூஇஎன் எனப்படும் தன் நிறுவனப் பதிவு எண்ணைக் கொண்டு பெயரைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு வெளிநாட்டுச் சேவையை நாங்கள் சோதித்தபோது இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நினைவூட்டல் போனது, நோயாளிகள் மோசடி என்று அழித்தார்கள். ஒரு ஆன்ட்டி நேரில் வந்து, “உங்கள் பெயரில் யாரோ ஏமாற்றுகிறார்கள்” என்று எச்சரித்துவிட்டும் போனார். நல்ல மனது.

அதேபோல் செய்தியில் இணைப்பை வைக்காதீர்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் இணைப்பைத் தட்டாதே என்று மக்களுக்கு இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்துவிட்டு நாமே அனுப்பக்கூடாது. “வருவதாக இருந்தால் 1 என்று பதில் அனுப்பவும்” என்பதும் நடக்காது, எழுத்தில் அமைந்த அனுப்புநர் பெயருக்குப் பதில் அனுப்ப முடியாது. தேதி, நேரம், டாக்டர் பெயர், அழைக்க வேண்டிய எண், வெறும் வயிறா இல்லையா, இவ்வளவு போதும். நோயின் பெயரை எழுதவே கூடாது. போனைப் பேரன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்பவர்கள் இங்கே நிறையப் பேர். உறுதிப்படுத்தப் பொத்தான் வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பின் கட்டணச் சேவையில் முடியும், அதற்குச் செய்திக்கு இவ்வளவு என்று காசு.

விவரங்களைக் காப்பது

2018-இல் சிங்ஹெல்த் என்ற அரசாங்க மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்துக்குள் ஊடுருவி 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களை எடுத்துச் சென்றது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கும் சட்டம் ஒன்றுதான். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் விவரம் கசிந்தது என்று மதிப்பிட்டால் மூன்று நாட்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். கூட்டமான ஒரு கிளினிக்கின் சில வாரப் பட்டியலே 500 பெயரைத் தாண்டும்.

அதனால் முன்பதிவுப் பக்கத்தில் எதைக் கேட்கிறோம் என்பதில் கஞ்சத்தனம் நல்லது. முழு அடையாள அட்டை எண்ணைத் தேவையில்லாமல் கேட்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டி. சிகிச்சைக்கு வந்தபின் கவுன்டரில் சரிபார்ப்பது வேறு, முன்பதிவுக்கே கேட்பது வேறு. பெயர், கைப்பேசி எண், பிறந்த தேதி போதும். ‘எதற்காக வருகிறீர்கள்’ என்ற இடத்தை வெற்றுப் பெட்டியாக விடாமல் நான்கைந்து தேர்வுகளாக வையுங்கள். வெற்றுப் பெட்டியில் மக்கள் தங்கள் வீட்டுக் கதை முழுவதையும் எழுதிவிடுகிறார்கள்.

விற்பனையாளர் வந்து காட்டும்போது

அவர் காட்டுவதைப் பார்க்காதீர்கள், நீங்கள் சொல்வதைச் செய்யச் சொல்லுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டி போனில் நேரம் கேட்கிறார். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் தடுப்பூசி. டாக்டர் 40 நிமிடம் தாமதம், மீதி எல்லாரையும் ஒரே அடியில் தள்ளிச் செய்தி அனுப்ப வேண்டும். தீபாவளிக்கு மூடியிருக்கும் நாளில் ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா? எங்களிடம் வந்த ஒருவர் மூன்றாவது கேள்வியில் மடிக்கணினியை மூடிவிட்டார்.

நாங்கள் கடைசியில் கிளினிக் மென்பொருளின் நாட்காட்டியையே எடுத்தோம். வாட்ஸ்அப்பை நிறுத்தவில்லை, ஆனால் அதில் வரும் எந்த வேண்டுகோளும் நாட்காட்டியில் ஏறிய பிறகுதான் பதில் போகும். இணையத்தில் திறந்திருப்பது செவ்வாய் முதல் வியாழன் வரை, மதியம் இரண்டு முதல் நான்கு மணி மட்டும். திங்கட்கிழமைக் காலையில் ஒரு இடம்கூட இல்லை, அந்த நேரம் நேராக வருகிறவர்களுக்கு. ஒவ்வொரு மணியிலும் ஒரு பத்து நிமிடத்தை வேண்டுமென்றே காலியாக விடுகிறோம். தினமும் காலையில் அன்றைய பட்டியலை அச்செடுத்துக் கவுன்டருக்குக் கீழே, பழைய கணக்கு நோட்டின் மேல் வைப்பது என் வேலை.