பெயர் தெரியாத மேனேஜருக்குக் கவர் லெட்டர்: காந்திபுரத்தில் ஒரு டிடிபி கடை

வேலை விண்ணப்பத்தோடு வைக்கும் கவர் லெட்டர் அடிக்கக் கடைக்குப் போக வேண்டுமா, போனிலேயே எழுதிவிடலாமே என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம். கோவை காந்திபுரத்தில், கிராஸ் கட் ரோட்டிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன டிடிபி கடை. பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார அக்கா கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று எல்லா டிடிபி கடையிலும் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. ஆனால் வேலைக்கு விண்ணப்பக் கடிதம் அடிக்க இந்த ஊரில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. காரணம், கடிதத்தின் முதல் வரிக்கு அந்த அக்கா எடுத்துக்கொள்கிற சிரமம்.

என் தங்கை எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு சாயப்பட்டறை லேப், பள்ளிக்கூடம், ஃபவுண்டரி என்று கிடைத்த இடத்துக்கெல்லாம் விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் ஆன்லைனில் ரெஸ்யூம் எழுதித் தரும் ஒரு சேவைக்கு 1,500 ரூபாய் கட்டியிருந்தோம். அழகான எழுத்துரு, ஓரத்தில் நீலக் கோடு, எல்லாம் இருந்தது. எல்லாக் கடிதமும் ‘டியர் சார்’ என்று தொடங்கியது. பெண்கள் மட்டுமே நடத்தும் ஒரு மெட்ரிக் பள்ளிக்கும் அதே ‘டியர் சார்’தான். யாருக்குப் போகிறது என்று அவர்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இந்தக் கடையில் உட்கார்ந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “இது யாரு கைக்குங்க போகுது?” ஃபவுண்டரி ஒன்றின் ஹெச்ஆருக்கு என்று தங்கை சொன்னாள். “அந்தக் கம்பெனில எத்தனை பேருங்க வேலை செய்யறாங்க?” என்று அடுத்த கேள்வி. முப்பது நாற்பது பேர் இருக்கும் என்றதும், “அப்ப அங்க ஹெச்ஆர்னு ஒருத்தர் இருக்க மாட்டாருங்க கண்ணு. கடிதத்த பிரிக்கறது அக்கவுண்ட்ஸ் பாக்கறவங்க, படிக்கறது முதலாளி” என்றார். கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் சிறு தொழிற்கூடங்களைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும். இல்லாத ஒரு ஹெச்ஆர் மேனேஜருக்கு எழுதிய கடிதம் மேஜைக்கு மேஜை நகர்ந்து கடைசியில் பழைய பேப்பரோடு போய்விடும்.

அப்புறம் அவர் செய்து காட்டிய வேலை எனக்குப் புதிது. அந்த ஃபவுண்டரியின் பெயர்ப் பலகையைத் தங்கை போட்டோ எடுத்து வைத்திருந்தாள். ஜிஎஸ்டி பதிவு செய்த தொழிலகம் வாசலில் உள்ள பெயர்ப் பலகையில் தன் ஜிஎஸ்டி எண்ணைக் காட்ட வேண்டும் என்பது விதி. அந்த 15 எழுத்து எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் தேடும் இடத்தில் போட்டால் அந்தத் தொழிலகத்தின் வணிகப் பெயரும் சட்டப்படியான பெயரும் வந்துவிடுகிறது. தனி ஆள் நடத்தும் தொழிலாக இருந்தால் சட்டப்படியான பெயர் என்பது முதலாளியின் பெயர்தான். லாகின் வேண்டாம், காசு வேண்டாம். ஐந்து நிமிடத்தில் ‘டியர் சார்’ போய், ஒரு மனிதரின் பெயர் வந்து உட்கார்ந்தது. கூட்டு நிறுவனமாக இருந்தால் இதில் பங்குதாரர் பெயர் கிடைக்காது, அப்போது ‘நிர்வாகப் பங்குதாரர்’ என்று பதவியைப் போட்டு எழுதுகிறார்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர்கள் பெயர் கிடைக்கும். ஆனால் அதை எடுத்துக் கடிதத்தில் போட அக்கா விடுவதில்லை. பெரிய கம்பெனி இயக்குநருக்கு லேப் அசிஸ்டென்ட் விண்ணப்பம் போனால் அவர் படிக்கப் போவதில்லை, படித்தாலும் கீழே இருப்பவரிடம் தள்ளிவிடத்தான் போகிறார் என்பது அவர் வாதம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பெயர் கிடைத்துவிட்டது என்பதற்காகத் தொடர்பில்லாத ஒருவரைக் கூப்பிடுவதைவிட, ‘தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு மேலாளர்’ என்று எழுதுவது மரியாதையாகவும் இருக்கிறது, போய்ச் சேரவும் செய்கிறது.

உண்மையில் இதை நாம் எல்லோரும் ஆறாம் வகுப்பிலேயே படித்தாயிற்று. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், இப்படிக்கு. விடுப்பு விண்ணப்பத்தில் பெறுநர் இடத்தில் ‘தலைமையாசிரியர் அவர்கள்’ என்றுதான் எழுதினோம், யாரும் அவர் பெயரைப் போடவில்லை. கலெக்டருக்கு மனு எழுதினாலும் ‘மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்’தான். நாற்காலிக்கு எழுதுகிற பழக்கம் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் கவர் லெட்டர் என்று வந்ததும் பதறிப்போய் இணையத்தில் கிடைத்த ஃபார்மட்டை இறக்குகிறோம். கூகுள் டாக்ஸில் உள்ள கடித டெம்ப்ளேட்டில் ‘டியர் மிஸ் ரீடர்’ என்று ஒரு மாதிரிப் பெயர் இருக்கும், நாம் மாற்றிக்கொள்வதற்காக வைத்தது. அதை மாற்றாமல் அப்படியே பிரிண்ட் எடுக்க வருகிறவர்களை அக்கா நிறுத்தித் திருத்தி அனுப்புகிறாராம். பிரிண்ட் காசு வந்தால் போதும் என்று இருந்துவிடலாம், இருப்பதில்லை.

எந்த இடத்துக்கு எந்த நாற்காலி என்பது அவருக்குக் கைவந்த விஷயம். முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர், லோயரும் ஹையரும் படிக்க வந்த பிள்ளைகளுக்கே விண்ணப்பம் அடித்துக் கொடுத்துப் பழகியவர். தனியார் பள்ளி என்றால் முதல்வருக்கு எழுதுவதைவிடத் தாளாளருக்கு எழுதுங்கள் என்கிறார், ஆள் எடுப்பதில் கடைசி வார்த்தை பெரும்பாலும் அவருடையது என்பதால். கல்லூரிக்குச் செயலாளர் அல்லது முதல்வர், விளம்பரத்தில் எது இருக்கிறதோ அது. மருத்துவமனை நர்ஸ் வேலைக்கு நர்சிங் சூப்பிரண்டெண்ட். அரசு அலுவலகங்களின் ஒப்பந்த வேலை என்றால் அறிவிக்கையின் அடியில் விண்ணப்பம் அனுப்ப வேண்டிய முகவரி பதவியோடு அச்சாகி இருக்கும், அதை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே போட வேண்டும். அங்கே பெயரைத் தேடிப் போடுவது வீண் வேலை மட்டுமில்லை, ஆபத்தும்கூட. அதிகாரி போன வாரம் மாறுதலாகிப் போயிருப்பார், கடிதம் அவர் பெயரில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பெயரே கிடைக்காதபோது அவர் சொல்லும் வழி, போன் போடுவது. அவர் பேச மாட்டார், நம்மைத்தான் பேசச் சொல்வார். கடையில் உட்கார்ந்தபடியே தங்கை ஒரு மில்லின் வரவேற்புக்குக் கூப்பிட்டாள். “வேலைக்கு விண்ணப்பம் அனுப்பணுங்க, யாரு பேருக்கு அனுப்பறதுங்க?” அவ்வளவுதான் கேட்டாள். அந்தப் பக்கம் இருந்த பெண் பெயர், பதவி, இமெயில் மூன்றையும் சொன்னார். ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கொள் என்று அக்கா சைகை காட்டினார். ஆங்கிலத்தில் நம் பெயர்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறோம், பெயரைத் தவறாக எழுதுவதற்குப் பதவியை மட்டும் எழுதிவிடலாம்.

இனி நான் மிகவும் ரசித்த பகுதி. லிங்க்ட்இன்னில் பார்த்து ஒரு பெயரைத் தங்கை குறித்து வந்திருந்தாள். உதாரணத்துக்குப் பிரியா கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் எல்லாம் கடைசிப் பெயரைப் போட்டு எழுது என்கின்றன. அப்படிப் போட்டால் ‘டியர் மிஸ் கந்தசாமி’. கந்தசாமி அவருடைய அப்பா! நம் ஊரில் இனிஷியலை விரித்தால் வருவது குடும்பப் பெயர் இல்லையே, தகப்பன் பெயர், அல்லது கணவன் பெயர். அக்கா அதை ‘டியர் மிஸ் (Ms.) பிரியா’ என்று மாற்றினார். ஜோதி, சசி, கிருபா போன்ற பெயர்கள் வந்தால் ஆணா பெண்ணா என்று ஊகிக்கவே கூடாது என்கிறார். மிஸ்டர், மிஸ் எதுவும் இல்லாமல் முழுப் பெயரை எழுதி கமா போட்டால் முடிந்தது. தமிழில் எழுதும்போது இந்தச் சிக்கல் இன்னும் எளிதாகத் தீர்கிறது. திருமதியா செல்வியா என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ‘மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு’ என்றால் நாற்காலியில் யார் இருந்தாலும் பொருந்தும். அந்த ‘அவர்கள்’ எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்.

‘டு ஹூம்ஸோஎவர் இட் மே கன்சர்ன்’ என்று தொடங்கும் கவர் லெட்டரை இவர் அடித்துத் தருவதே இல்லை. அது நடத்தைச் சான்றிதழுக்கும் அனுபவச் சான்றிதழுக்கும் உரிய வரி, யாரிடம் காட்டப் போகிறோம் என்று கொடுப்பவருக்குத் தெரியாத காகிதம் அது. கவர் லெட்டர் எந்த அலுவலகத்துக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும். தெரிந்த இடத்துக்கு அப்படி எழுதுவது, உங்களில் எவராவது படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற மாதிரி. கடிதத்தின் முடிவிலும் கண்டிப்பு உண்டு: மேலே பெயர் இல்லாமல் ‘டியர் சார் ஆர் மேடம்’ என்றால் கீழே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’, மேலே பெயர் இருந்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. இது பிரிட்டிஷ் வழக்கம், இன்றைக்கு எத்தனை பேர் கவனிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கவனிக்கிற பழைய தலைமுறை மேலாளர் ஒருவர் கையில் போனால் நல்லதுதானே.

குறைகளும் இருக்கின்றன. பெயர் கிடைக்காவிட்டால் ‘ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்’ என்பதை அவர் எல்லாருக்கும் போட்டுவிடப் பார்க்கிறார். பள்ளி, மில், அரசு அலுவலகம் வரை அது நன்றாகவே எடுபடும். சரவணம்பட்டி பக்கம் ஐடி கம்பெனியில் விண்ணப்பங்களைப் பார்ப்பது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள், பெரும்பாலும் ஒருவர் மட்டும் பார்ப்பதும் இல்லை. அங்கே ‘டியர் ஹயரிங் டீம்’ என்பதுதான் இயல்பு. சொன்னால் மறு பேச்சில்லாமல் மாற்றித் தருகிறார், ஆனால் நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு இந்தக் கடை சரிப்படாது. பெரியம்மா மகள் நர்ஸ், ஜெர்மனிக்கு விண்ணப்பித்தாள். அங்கே பெயர் தெரியாவிட்டால் ‘ஜேர் கெயெர்ட்ட டாமன் உன்ட் ஹெரன்’, அதாவது மதிப்பிற்குரிய பெண்களுக்கும் ஆண்களுக்கும் என்று எழுதி, கமா போட்டு, அடுத்த வரியைச் சின்ன எழுத்தில் தொடங்க வேண்டும். கடைக் கம்ப்யூட்டர் அதைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிக்கொண்டே இருந்தது, அக்காவுக்கும் அது தப்பு என்று தெரியவில்லை. ஜெர்மன் வகுப்பில் படித்தவள் என்பதால் அவளே திருத்திக்கொண்டாள்.

தமிழ்க் கடிதத்தில் இன்னொரு தொல்லை. அக்காவின் விரல்கள் பழைய பாமினி எழுத்துருவுக்குப் பழகியவை. பிரிண்ட் எடுத்தால் முத்து முத்தாக இருக்கும். அதே ஃபைலை இமெயிலில் அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ‘மதிப்பிற்குரிய’ என்ற இடத்தில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையைத் தமிழக அரசே 2010இல் ஏற்றுக்கொண்டுவிட்டது, கடையும் மாறத்தான் வேண்டும். அதுவரை பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்லி வாங்குங்கள், வேர்ட் ஃபைலாக வாங்காதீர்கள்.

விலை சொல்லிவிடுகிறேன். வெறும் டைப்பிங் ஆங்கிலம் பக்கத்துக்கு 40 ரூபாய், தமிழ் 50. உட்கார்ந்து பேசி, ஆள் யாரென்று தேடி, புதிதாக எழுதித் தரும் கவர் லெட்டருக்கு 150. அதே கடிதத்தை வேறு கம்பெனிக்கு முகவரியும் முதல் வரியும் மாற்றித் தர 20 ரூபாய்தான், மாற்றும்போதும் “இது யாரு கைக்குங்க போகுது” என்று கேட்காமல் மாற்றுவதில்லை. ஜிபே உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் பிரிண்டுக்கு வந்து குவிவார்கள், அப்போது பேசி எழுதும் வேலை நடக்காது. காலை பதினொரு மணி வாக்கில் போனால் நிதானமாகச் செய்கிறார், நாம் கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிக்கவும் அதுதான் நல்ல நேரம். ஞாயிறு விடுமுறை. விளம்பரத்தை முழுதாக எடுத்துக்கொண்டு போங்கள், ஸ்க்ரீன்ஷாட்டில் அடிப்பகுதியை வெட்டிவிட்டால் முகவரி இருக்கிற வரியே போய்விடும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது பாமினிக்காக இல்லை. கடைக் கம்ப்யூட்டரின் முகப்பில் வந்து போனவர்கள் எல்லோருடைய பயோடேட்டாவும், போன் நம்பர், வீட்டு முகவரி, ஆதார் நகல் உட்பட, பெயர் போட்டுத் திறந்தபடி கிடக்கின்றன. பென்டிரைவ் செருகுகிற எவரும் எடுத்துக்கொண்டு போகலாம். முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் நம்பர்கள் அப்படிக் கிடப்பது நல்லதில்லை என்று அக்காவிடம் நேரிலேயே சொன்னேன், இனி தனி ஃபோல்டரில் பாஸ்வேர்ட் போட்டு வைக்கிறேன் என்றார், அடுத்து போனபோதும் அப்படியேதான் இருந்தது. ஆகவே போகிறவர்கள் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டதும், எழுந்து வருவதற்கு முன்னால், உங்கள் ஃபைலை டெலீட் செய்யச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து. கேட்டால் முகம் சுளிக்காமல் செய்கிறார்.