க்ளோசெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்

ஃப்ளஷ் சரியாக இல்லை என்று பிளம்பரைக் கூப்பிட்டு, வந்தவர் வந்த வேகத்தில் "க்ளோசெட்டையே மாத்திடணும்" என்றால், தயவுசெய்து அன்றைக்கே தலையாட்டாதீர்கள். நான் தலையாட்டினேன். நல்ல க்ளோசெட் போனது, பணம் போனது, பழுது மட்டும் அப்படியே இருந்தது.

எங்கள் வீட்டில் க்ளோசெட் தனி, சுவரில் மாட்டிய பிளாஸ்டிக் ஃப்ளஷ் டேங்க் தனி. சில மாதங்களுக்கு முன் டேங்கிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டே இருந்தது. ராத்திரி முழுக்க அந்தச் சத்தம். அதற்கு வந்தவர் மூடியைத் தூக்கி, உள்ளே கையை விட்டு எதையோ திருகினார். ஐந்து நிமிடத்தில் சத்தம் நின்றுவிட்டது. நல்ல வேலைக்காரர் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் ஃப்ளஷ் பலவீனமானது. ஒரு அழுத்தில் போக வேண்டியது மூன்று அழுத்துக்கும் போகவில்லை. இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை. மூட்டு வலியோடு அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாதி வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் அதைப் பார்த்ததும் மனசு தாங்காமல் அதே ஆளைத்தான் திரும்பக் கூப்பிட்டேன்.

இந்தத் தடவை அவர் மூடியைத் தொடவே இல்லை. ஒருமுறை அழுத்திப் பார்த்தார், குனிந்து பார்த்தார். "உள்ள வளைவுல உப்பு புடிச்சி அடைச்சிருக்கு சார். பழைய மாடல். ஆசிட் ஊத்தினாலும் கேக்காது, மாத்திடுங்க." டேங்கில் ஏதாவது இருக்குமோ என்று கேட்டேன். "டேங்க் நல்லா இருக்கு சார், அன்னிக்கு நான்தானே பாத்தேன்" என்றார். அந்த ஒரு பதிலில் நான் விழித்திருக்க வேண்டும்.

புது க்ளோசெட் வந்தது. பழையதை அவரே கொண்டுபோய்விட்டார். எல்லாம் காய்ந்ததும் அழுத்தினோம். அதே பலவீனம், துளியும் மாற்றமில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து வந்தவர், இப்போது தரைக்கு அடியில் லைனில் அடைப்பு, டைல்ஸை உடைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அப்போதுதான் வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டேன்.

இவர் பையைத் திறப்பதற்கு முன்னால் கேட்டது ஒரு வாளித் தண்ணீர். முக்கால் வாளியை இடுப்பு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் க்ளோசெட்டுக்குள் ஊற்றினார். கடகடவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டது. "லைன்ல ஒண்ணும் இல்லண்ணே. அடைப்பு இருந்தா தண்ணி மேல ஏறியிருக்கும்" என்றார். பிறகு டேங்க் மூடியைக் கழற்றி டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்சுவரில் வெள்ளையாக ஒரு உப்புக் கோடு. வருஷக்கணக்கில் தண்ணீர் நின்ற மட்டம் அது. இப்போது தண்ணீர் நின்றது அந்தக் கோட்டுக்கு வெகு கீழே.

நடந்தது இதுதான். தண்ணீர் வழிந்ததற்குக் காரணம் உள்ளே வரும் வால்வின் வாஷர் தேய்ந்தது. அதை மாற்றாமல், முதல் ஆள் மிதவையைக் கீழே இறக்கி வைத்துவிட்டார். மிதவை தாழ்ந்தால் டேங்க் பாதி நிரம்பும்போதே வால்வு மூடிக்கொள்ளும். வழிவது நின்றது, ஆனால் ஃப்ளஷுக்குத் தேவையான தண்ணீரும் பாதியாகிவிட்டது. கழிவை வளைவைத் தாண்டித் தள்ளுவதற்குப் போதுமான தண்ணீர் ஒரே மூச்சில் விழ வேண்டும். இரட்டை பட்டன் டேங்குகளில் பெரிய பட்டனுக்கு 6 லிட்டர், சின்னதற்கு 3 லிட்டர் என்று பொதுவாக வைத்திருப்பதே அதற்குத்தான். எங்கள் டேங்கில் பெரிய பட்டனை அழுத்தியும் சின்ன பட்டன் அளவுதான் விழுந்துகொண்டிருந்தது. வாஷரை மாற்றி, மிதவையைப் பழைய கோட்டுக்கு ஏற்றி வைத்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் ஆள் தெரியாமல் செய்தார் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. புது க்ளோசெட் உட்காரும்போது லேசாக ஆடுகிறது, நாற்றமும் வருகிறது. க்ளோசெட்டின் வாயும் தரைக் குழாயும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். அதைப் போடாமல் சுற்றிலும் சிமெண்டைப் பூசி மூடியிருக்கிறார் அந்த ஆள். க்ளோசெட் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கும் பூட்டு. இணைப்பில் இடைவெளி இருந்தால் அந்தப் பூட்டு இருந்தும் பயனில்லை. சிமெண்டில் புதைத்த பீங்கானை உடையாமல் கழற்றுவதும் கஷ்டம்.

உங்கள் வீட்டிலும் ஃப்ளஷ் சோர்ந்திருந்தால், முதலில் அந்த வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஏறி நின்றால் உடனே நிறுத்துங்கள், அடைப்பு நிஜம். அப்போதும் ரப்பர் பம்பாலும் வளையும் கம்பியாலும் முயன்ற பிறகுதான் உடைக்கிற பேச்சு. தண்ணீர் நன்றாகப் போனால் டேங்க் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். டேங்குக்குள் நிமிர்ந்து நிற்கும் வழிகுழாயின், அதாவது தண்ணீர் அதிகமானால் வழிந்து போகும் குழாயின், வாய்க்கு ஓர் அங்குலம் கீழே வரை இருக்க வேண்டும். டேங்குக்குத் தண்ணீர் விடும், சுவரில் இருக்கும் சின்னத் திருகு குழாய் (ஆங்கிள் காக்) முழுதாகத் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பாதி மூடியிருந்தால் டேங்க் நிரம்ப வெகுநேரம் ஆகும். தண்ணீர் சிக்கனம் என்று யாராவது டேங்குக்குள் பாட்டில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மட்டம் சரியாக இருந்தும் வேகம் இல்லையென்றால், க்ளோசெட் விளிம்புக்கு அடியில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். அங்கிருக்கும் ஓட்டைகளை உப்பு அடைத்திருக்கலாம். வினிகரில் ஊறவைத்துத் துலக்கினால் விட்டுவிடும். ஆசிடையும் ப்ளீச்சையும் மட்டும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து.

வருகிறவர் எதை மாற்றச் சொன்னாலும், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பொருளை வேலை முழுதாகச் சரியாகும் வரை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள். என் பழைய க்ளோசெட் இருந்திருந்தால் அதையே திரும்ப உட்கார வைத்திருக்கலாம் என்று இரண்டாவது பிளம்பர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அடுத்த வாரம் அவர் வந்து சிமெண்டை உளியால் எடுத்து, ரப்பர் போட்டு மறுபடி உட்கார வைக்கப் போகிறார். பீங்கான் தப்புமா என்பது கழற்றும்போதுதான் தெரியுமாம். அன்று லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கப்போகிறேன்.